பட்டில் பொதிந்த பரிசம்

வடமேற்கு ஐரோப்பாவில் மே மாதம் பிறந்துவிட்டால், ஆல்டர், வில்லோ மரங்கள் நிழல் தரும் சிற்றோடைகளின் மேல் ஒரு கூட்டம் கூடுகிறது. நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே கருநிற ஈக்கள் நூற்றுக்கணக்கில் இங்கும் அங்குமாக வெட்டி வெட்டிப் பறக்கின்றன. அவை வானத்தை நோக்கி ஏறுவதில்லை. ஓடையை விட்டுத் தொலைவு போவதும் இல்லை. காற்று வீசினால் கலைகின்றன, அடங்கினால் அதே இடத்தில் மறுபடி சேர்கின்றன. கொசுக்கூட்டம் என்று எண்ணிக் கடந்து போகிறவர்களே அதிகம். குனிந்து கவனித்தால், சில ஈக்கள் வயிற்றுக்கடியில் வெண்மையான ஒரு பொதியைச் சுமந்துகொண்டு பறப்பது தெரியும்.

இந்த ஈயின் பெயர் ஹிலாரா மவுரா. உடல் நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். இது மனிதரைக் கடிப்பதில்லை, நோய் பரப்புவதில்லை, பயிரைத் தின்பதில்லை. அதனாலேயே பூச்சியியலாளர் கண்ணைத் தவிர வேறு யார் கண்ணிலும் இது அதிகம் பட்டதில்லை. லின்னேயஸின் மாணவரான டென்மார்க்கின் ஃபப்ரிசியுஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்த இனத்தை விவரித்துவிட்டார். ஜெர்மனியின் ஸ்டோல்பர்க்கில் வறுமையோடு போராடியபடி ஐரோப்பிய ஈக்கள் முழுவதையும் வகைப்படுத்திய மைகன், 1822இல் ஹிலாரா என்ற பேரினத்தை அமைத்தார். எம்பிடிடே என்ற பெரிய குடும்பத்தில் இது ஒரு பேரினம். அக்குடும்பத்து ஈக்களுக்கு நடன ஈக்கள் என்று பெயர். உலகெங்கும் 3,000 இனங்களுக்கு மேல் உண்டு.

அந்த வெண்பொதி, ஆண் ஈ பெண் ஈக்குக் கொண்டுபோகும் பரிசம். உள்ளே இருப்பது ஒரு சின்னஞ்சிறு பூச்சி. வெளியே சுற்றியிருப்பது பட்டு. அந்தப் பட்டை ஆண் ஈ தன் முன்னங்கால்களிலிருந்து நூற்கிறது. ஓர் உயிரினத்தின் நடத்தை எப்படித் தோன்றி, எப்படி மாறி, எப்படித் தன் முதல் பொருளையே இழந்துவிடக்கூடும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்றுகள் குறைவு. அந்தச் சான்றில் பெரும்பகுதி ஈரமான இடங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நீர் தரும் இரை

ஓடையின் மேற்பரப்பு ஓயாமல் உணவு தந்துகொண்டிருக்கும் இடம். அடியில் புழுவாக வளர்ந்த பூச்சிகள் மேலே வந்து, தோலுரித்து, சிறகு உலரும்வரை நீரின் மேல் அசையாமல் இருக்கும். கொசுவைப் போன்ற ஆனால் கடிக்காத கைரோனமிட் பூச்சிகளும் மேஃப்ளைகளும் இப்படித்தான் வெளிவருகின்றன. அவற்றோடு கரையோர மரங்களிலிருந்து தவறி விழுந்து நனைந்த சிறு பூச்சிகளும் மிதந்து வரும். பறக்க முடியாத இந்த இரையை எடுப்பதற்கு வலிமையோ வேகமோ அதிகம் தேவையில்லை; தாழப் பறந்து, கண் வைத்து, காலால் வாரிக்கொண்டால் போதும். ஹிலாரா ஆண்கள் நீரை ஒட்டியே பறப்பதற்குக் காரணம் இதுதான். வேட்டைக்களமும் மணப்பந்தலும் ஒரே இடத்தில் அமைந்திருக்கின்றன.

இரையைப் பிடித்த ஆண் ஈ உடனே அதைத் தின்பதில்லை. பறந்தபடியே முன்னங்கால்களால் அதைச் சுற்றிச் சுற்றி நூலிடுகிறது. பிறகு திரளுக்குள் போய்ப் பொதியைச் சுமந்தபடி ஆடுகிறது. திரளுக்குள் வரும் பெண் ஈ அந்த ஆணோடு சேர்ந்ததும் பொதி கைமாறுகிறது. இரண்டும் இணைந்து திரளைவிட்டு விலகுகின்றன. இணை சேர்ந்திருக்கும் நேரமெல்லாம் பெண் ஈ தன் கூர்மையான வாயுறுப்பைப் பொதிக்குள் செலுத்தி, உள்ளிருக்கும் பூச்சியின் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இந்த உணவு பெண்ணுக்கு அத்தனை முக்கியமா? முக்கியம்தான். பரிசம் வாங்கும் பல நடன ஈ இனங்களில் பெண் ஈக்கள் தாமாக வேட்டையாடுவதே இல்லை. பூக்களிலிருந்து தேன் குடிக்கும். அது பறப்பதற்குத் தேவையான சர்க்கரையைத் தரும். முட்டை உருவாகப் புரதம் வேண்டும். அந்தப் புரதம் ஆண் கொண்டுவரும் இரையிலிருந்துதான் கிடைக்கிறது. ஆண் தருவது ஒரு வேளைச் சாப்பாடாக மட்டும் நின்றுவிடாமல், அடுத்த தலைமுறையின் உடலாகவே மாறுகிறது. பெண் பரிசத்தைப் பார்த்து ஆணைத் தேர்ந்தால், பரிசத்தை நன்றாகக் கொண்டுவரும் ஆணின் பண்புகள் பரவும். தலைமுறைதோறும் இந்தத் தேர்வு தொடர்ந்ததன் விளைவுதான் நாம் இன்று ஓடைமேல் காண்பது.

காலில் ஒரு பட்டுச்சுரப்பி

பட்டு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பட்டுப்புழு. அது வாயருகே உள்ள உறுப்பின் வழியே நூலை வெளியிடுகிறது. சிலந்தி வயிற்றின் முனையிலிருந்து நூற்கிறது. முன்னங்காலிலிருந்து பட்டு நூற்பது உயிருலகில் மிக அரிது. மரப்பட்டைகளில் பட்டுச் சுரங்கம் அமைத்து வாழும் எம்பியா பூச்சிகள் அப்படிச் செய்கின்றன. ஹிலாராவும் அதன் உறவினங்களும் செய்கின்றன. இந்த இரு குழுக்களுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இரண்டும் தனித்தனியே இந்த வழியைக் கண்டடைந்திருக்கின்றன.

ஹிலாரா ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று போதும். ஆணின் முன்னங்கால் பாதத்தில் முதல் கணு உருண்டு பருத்திருக்கும்; பெண்ணின் பாதம் மெலிந்திருக்கும். அந்தப் பருத்த கணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த எல்ட்ரிங்ஹாம் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1928இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். உள்ளே பட்டைச் சுரக்கும் சுரப்பிகள் இருந்தன. பின்னாளில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையோடு, ஒவ்வொரு நூலும் கணுவின் மேலுள்ள நுண்ணிய துளைமுள் வழியே வெளிவருவதைக் காட்டினார்கள். 2007இல் அந்தப் பட்டின் புரதத்தையும் ஆராய்ந்தார்கள். அந்துப்பூச்சிகளின் பட்டோடு அதற்குப் பல பொதுக்கூறுகள் இருந்தன. தனித்தனி மரபுவழியில் தோன்றிய இரு பட்டுகள் ஏறத்தாழ ஒரே கட்டமைப்பை எட்டியிருக்கின்றன. உறுதியும் மென்மையும் உள்ள நூலைப் புரதத்தால் ஆக்க இயற்கைக்கு இருக்கும் வழிகள் மிகச் சிலவே போலும்.

பொதிவதால் ஆணுக்கு என்ன லாபம்? துடிக்கும் இரையைக் கட்டி அடக்கலாம். சிறிய இரையைப் பெரிதாகக் காட்டலாம். பெண் பொதியைக் கிழித்து உண்ண நேரமாகும். இணைந்திருக்கும் நேரம் நீளும். விந்து மாற்றத்துக்கு அது உதவும். மூன்றில் எது முதலில் வந்தது என்று ஒரே இனத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு உறவினங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடன ஈக்களின் அருமை அங்கேதான் தொடங்குகிறது.

ஆல்ப்ஸில் கண்ட வெள்ளிமினுக்கம்

பாரன் ஓஸ்டன் சாக்கன் ரஷ்ய அரசின் தூதரகப் பணியில் இருந்தவர். ஈக்களின் மேல் தீராத காதல் கொண்டவர். சுவிட்சர்லாந்தின் மலைக்காட்டில் ஃபிர் மரங்களுக்கிடையே விழும் வெயிற்கதிரில் சிறு ஈக்கள் கூட்டமாய்ப் பறப்பதையும், அவற்றின் உடலில் ஏதோ வெள்ளிபோல் மினுங்குவதையும் கண்டார். பிடித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் மெல்லிய வெண்ணிறத் தகடு ஒன்றைச் சுமந்திருந்தது. 1877இல் இதை ஓர் ஆங்கில இதழில் குறிப்பாக எழுதினார். 1888இல் பூச்சியியலாளர் பெக்கர் அந்த ஈக்கு ஹிலாரா சார்ட்டர் என்று பெயரிட்டார்.

வியப்பு என்னவென்றால், அந்தத் தகட்டுக்குள் இரை எதுவும் இல்லை; பட்டு மட்டுமே இருந்தது. உண்ணத் தக்கது ஒன்றுமில்லாத பொருளை ஓர் ஆண் ஈ இத்தனை உழைப்போடு நெய்து சுமப்பது எதற்கு? ஆல்ப்ஸில் மட்டுமே பார்த்தவர்களுக்கு இது புதிராக இருந்தது. 1899இல் ஆல்ட்ரிச்சும் டர்லியும் அமெரிக்காவின் ஐடஹோவில் பலூன் செய்யும் ஈ ஒன்றைப் பற்றி எழுதினார்கள். நுண்குமிழ்களால் ஆன அதன் வெண்பந்தின் முன்புறத்தில் மிகச் சிறிய பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஹாம், எம்பிஸ் லிவிடா போன்ற நடன ஈ இனங்களின் இணைகளை ஓயாமல் தேடிப் பிடித்து, எந்த ஆண் எந்த இரையைக் கொண்டுவந்தது என்று 1908, 1909ஆம் ஆண்டுகளில் பதிவு செய்தார். போல்ட்டன் 1913இல் இத்தகைய பதிவுகளைத் தொகுத்தார். ஒரே குடும்பத்துக்குள் பரிசம் எத்தனை விதமாய் இருக்கிறது என்பது மெல்ல மெல்லத் துலங்கியது.

1955இல் அமெரிக்கரான எட்வர்ட் கெசல் இவற்றையெல்லாம் ஒரு வரிசையில் அடுக்கினார். முதற்படியில் ஆணும் பெண்ணும் தத்தம் இரையைத் தாமே வேட்டையாடுகின்றன, பரிசம் இல்லை. அடுத்த படியில் ஆண் இரையைப் பிடித்துப் பெண்ணுக்குத் தருகிறது. அதில் பட்டு இல்லை. பிறகு இரையோடு திரளில் ஆடும் ஆண்கள். அதன் பின் இரையைச் சில நூல்களால் கட்டும் ஆண்கள். அதற்கடுத்து இரை முழுவதையும் பொதிந்து தரும் ஆண்கள். இன்னும் மேலே போனால் ஆணே இரையின் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைப் பொதிந்து தருகிறது. அதற்கும் மேலே, உண்ணவே உதவாத வறண்ட துணுக்கு ஒன்று பலூனில் ஒட்டியிருக்கிறது. எட்டாம் படியில் வெறும் பட்டு. ஆல்ப்ஸின் ஹிலாரா சார்ட்டர் அங்கே நிற்கிறது.

ஐரோப்பாவின் ஒரு ஈரப் புல்வெளியில் நின்றே இந்த வரிசையின் பல படிகளைப் பார்த்துவிடலாம். மே மாதத்தில் ஹாத்தார்ன் பூக்களில் தேன் குடிக்கும் எம்பிஸ் டெஸ்ஸலேட்டா, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய நடன ஈ. அதன் ஆண் பட்டு நூற்பதில்லை. பிடித்த இரையை அப்படியே தருகிறது. இணை சேர்ந்தபின் ஆண் முன்னங்கால்களால் ஒரு கிளையைப் பற்றித் தொங்கும். அது பெண்ணைத் தாங்க, பெண் இரையைத் தாங்கி உண்ணும். மூன்று உடல்களின் எடையும் ஓர் ஈயின் இரண்டு கால்களில். அங்கிருந்து ஓடைக்கு இறங்கினால் ஹிலாரா மவுரா.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கெசலின் வரிசையை ஒரே மரபுவழியின் வரலாறு என்று படித்துவிடக் கூடாது. இன்று வாழும் எம்பிஸ் இனம் இன்று வாழும் ஹிலாராவுக்குப் பாட்டி கிடையாது. இரண்டும் ஒன்றுவிட்ட உறவுகள். பரிசத்தின் சில வடிவங்கள் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கின்றன. அமெரிக்காவின் பலூன்களும் ஆல்ப்ஸின் பட்டுத்தகடும் வெவ்வேறு வழிகளில் வந்தவை. ஆனாலும் வரிசை பயனற்றதாகிவிடவில்லை. ஒவ்வொரு இடைப்படியும் உயிர்வாழத் தக்கது, அதில் நிற்கும் இனம் இன்றும் தழைக்கிறது என்பதை அது காட்டுகிறது. வெறும் பட்டுத்தகடு ஒரே பாய்ச்சலில் தோன்றியிருக்க வேண்டியதில்லை.

உணவு அடையாளமாகும் கணம்

பொதி வந்துவிட்டால் உள்ளே இருப்பது மறைந்துவிடுகிறது. பெண் பார்ப்பது வெளித்தோற்றத்தை. அங்கே ஏமாற்றுக்கு இடம் பிறக்கிறது. ஹிலாரா ஆண்களின் பொதிகளில் பூவிதழ் போன்ற செடித்துணுக்குகளும் அகப்பட்டிருக்கின்றன. நீரில் மிதப்பதை வாரும்போது இரையென்று எண்ணி எடுத்திருக்கலாம். எப்படியிருந்தாலும் அந்தப் பொதியோடு ஆண் ஆடத்தான் செய்கிறது.

இந்த ஏமாற்று எப்படி வேரூன்றும் என்பதை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெபாஸும் ஹாக்கமும் 2005இல் ஒரு நேர்த்தியான சோதனையால் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பொதியாத இரையைத் தரும் ஐரோப்பிய நடன ஈயான ராம்ஃபோமையா சல்கேட்டா. ஆண் கொண்டுவந்த பரிசத்தை எடுத்துவிட்டு, சிலவற்றுக்குப் பெரிய பூச்சியையும், சிலவற்றுக்குச் சிறிய பூச்சியையும், சிலவற்றுக்கு உண்ண முடியாத போலிப் பஞ்சுருண்டையையும் மாற்றி வைத்தார்கள். பெரிய இரையோடு இணைந்தவை மிக நீண்ட நேரம் சேர்ந்திருந்தன. சிறிய இரைக்கும் போலிக்கும் இடையே வேறுபாடு இல்லை. அதாவது, சிறிய பரிசமே வழக்கமாக இருக்கும் இடத்தில் போலி நுழைந்தால் ஆணுக்கு நட்டமில்லை. வேட்டையின் உழைப்பு மிச்சம். பரிசம் பெரிதாக இருக்கும்வரை நேர்மைக்கு ஊதியம் உண்டு; அது சுருங்கச் சுருங்க, போலிக்கு வழி திறக்கிறது.

அதே ஈரப் புல்வெளியில் வாழும் ஒரு சிலந்தி இந்தப் பாடத்தைப் பிறிதொரு முறை நடத்திக் காட்டுகிறது. பிசௌரா மிராபிலிஸ் என்ற சிலந்தியின் ஆண், ஈயைப் பிடித்துப் பட்டில் சுற்றிப் பெண்ணுக்குத் தருகிறது. சில ஆண்கள் சக்கையையோ செடித்துணுக்கையோ சுற்றித் தருவதும் உண்டு. டென்மார்க்கில் நடந்து 2011இல் வெளியான ஆய்வின்படி, பரிசமே இல்லாமல் வரும் ஆணைவிடப் போலிப் பரிசத்தோடு வரும் ஆணுக்கு இணை கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் பெண் சிலந்தி உள்ளே ஒன்றுமில்லை என்று உணர்ந்ததும் இணைவை விரைவில் முடித்துக்கொள்கிறது. ஏமாற்று ஒரு பக்கம் வளர, அதை அறியும் திறன் மறுபக்கம் வளர்கிறது. ஈயும் சிலந்தியும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த மரபுகள். ஒரே சூழ்நிலை இரண்டையும் ஒரே தீர்வுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

அப்படியானால் ஹிலாரா சார்ட்டரின் பெண் ஏமாந்துகொண்டிருக்கிறதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மறைத்து வைக்க இரையே இல்லாதபோது ஏமாற்ற ஒன்றுமில்லை. பட்டை நெய்யவும், அதைச் சுமந்து காற்றில் நிலைத்துப் பறக்கவும் ஆணுக்கு வலு வேண்டும். தகடு இப்போது அந்த வலுவுக்கு அடையாளமாக நிற்கக்கூடும். உணவாகத் தொடங்கிய ஒன்று செய்தியாக மாறிவிட்டது. பயன்பாட்டுப் பொருள் அடையாளமாக மாறும் இந்த நிகழ்வை மனிதப் பண்பாட்டுக்கு மட்டுமே உரியது என்று நாம் நினைக்கிறோம். கைவிரல் நுனியில் அடங்கும் ஓர் ஈயின் குடும்பத்திலும் அது நடந்திருக்கிறது.

பெண்கள் ஆடும் திரள்

பரிசம் அரிதாகும்போது கதை தலைகீழாகவும் திரும்பும். ஸ்வீடனில் வசந்தத்தின் தொடக்கத்தில் பறக்கும் எம்பிஸ் போரியாலிஸ் இனத்தில் திரளில் கூடி ஆடுவது பெண்கள். ஆண்கள் இரையோடு வந்து, ஆடும் பெண்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. ராம்ஃபோமையா மார்ஜினேட்டா இனத்தில் பெண்ணின் சிறகு ஆணின் சிறகைவிட அகன்று கருத்திருக்கிறது. பறக்கையில் உடலைப் பெரிதாகக் காட்டுகிறது. பருத்த உடல் என்றால் முதிர்ந்த முட்டைகள் நிறைந்த வயிறு என்று ஆண் எடுத்துக்கொள்ளும். வட அமெரிக்காவின் ராம்ஃபோமையா லாங்கிகாடா பெண் ஒருபடி மேலே போய், காற்றை விழுங்கி வயிற்றின் பக்கப்பைகளை ஊதிக்கொள்கிறது. உணவு ஆணின் கையில் இருப்பதால், அதைப் பெறப் பெண்கள் போட்டியிடுகின்றன. போட்டியிடும் பக்கத்தில் அலங்காரம் வளர்கிறது. அலங்காரம் ஆணுக்கே உரியது என்ற பழைய எண்ணத்தை இந்த ஈக்கள் திருத்துகின்றன. எந்தப் பாலினம் அரிதான பொருளை வைத்திருக்கிறதோ, அதன் கையில் தேர்வு இருக்கிறது.

ஈரம் போனால்

இத்தனையும் நிகழ ஈரம் வேண்டும். ஹிலாராவின் புழுக்கள் ஈரமண்ணிலும், மட்கும் இலைகளுக்கடியிலும், உளுத்த மரத்திலும் வளர்ந்து, தம்மினும் சிறிய உயிர்களை வேட்டையாடுகின்றன. முதிர்ந்த ஈக்கு நீர்ப்பரப்பிலிருந்து எழும் இரை வேண்டும்; காற்றைத் தடுக்கும் கரையோர மரம் வேண்டும்; தேனுக்குப் பூக்கள் வேண்டும். ஓடையை நேராக்கிக் கரையைக் கல்லால் கட்டினாலோ, புல்வெளியில் வடிகுழாய் பதித்து நீரை இறக்கினாலோ, இந்த நான்கில் ஒன்றிரண்டு உடனே போய்விடும். ஐரோப்பா 20ஆம் நூற்றாண்டு முழுவதும் செய்துவந்தது இதைத்தான்.

பூச்சிகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதை ஓரளவு அறிவோம். ஜெர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகள் வலைப்பொறி வைத்துத் திரட்டிய பூச்சிகளின் எடையை ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்கு 2001இல் நடன ஈக்களுக்கும் அவற்றின் உறவினங்களுக்கும் அழிவு அபாயப் பட்டியல் ஒன்றே தயாரானது. பறவைக்கும் பாலூட்டிக்கும் போட்ட பட்டியலைச் சிறு ஈக்களுக்கும் போட்டது பெருஞ்செயல். இந்த ஈக்கள் ஈரம் சற்றே மாறினாலும் மறைந்துவிடுபவை. ஆகவே ஓர் இடத்தின் நலத்தை அளக்கும் கருவியாகவும் அவற்றைக் கொள்ள முடியும்.

திரும்பப் பெறும் வழியும் தெரியும். 1960களில் நேராக்கப்பட்ட டென்மார்க்கின் ஷெர்ன் ஆற்றை 1999 முதல் 2002 வரை மறுபடி வளைய விட்டார்கள். ஏறத்தாழ 2,200 ஹெக்டேர் நிலம் ஈரநிலமாயிற்று. எல்லா இடத்திலும் இவ்வளவு பெரிய வேலை தேவைப்படாது. கரையோரப் புல்லில் ஒரு பட்டையை அறுக்காமல் விடுவதும், விழுந்த மரத்தை ஓடையிலேயே கிடக்க விடுவதும், வடிகுழாய் ஒன்றை அடைப்பதும் ஒரு விவசாயியோ ஊராட்சியோ செய்யக்கூடியவை.

ஓர் ஈ போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு, கெசலின் எட்டுப் படிகளே விடை. அந்த வரிசையை அவர் புதைபடிவங்களிலிருந்து படிக்கவில்லை. நடத்தை பாறையில் அரிதாகவே பதியும். உயிரோடு ஆடும் ஈக்களிடமிருந்துதான் அதைப் படிக்க முடியும். ஒவ்வொரு இனமும் ஒரு படி. ஒரு படி அழிந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை இணைக்கும் சான்றும் அழிகிறது. ஹிலாரா பேரினத்தில் மட்டுமே நூற்றுக்கணக்கான இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பரிசத்தை யாரும் இன்னும் கூர்ந்து பார்த்ததில்லை. அவற்றைப் பார்க்கப்போகும் மாணவருக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். ஒரு வலை, ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, பொறுமை ஆகியவற்றோடு, ஈரம் வற்றாத ஒரு கரை வேண்டும். முதல் மூன்றை அவரே தேடிக்கொள்வார். நான்காவதை அவருக்காக விட்டுவைக்க வேண்டியது இன்று நிலத்தை ஆள்பவர்களின் கடமை.